ஒன்பதாம் பீடர்

என் அக்கா கணவர் முப்பத்தொரு வருடம் துணை மின்நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவர். கரண்டு இருக்கும்வரை எவனுக்கும் அவர் ஞாபகம் வந்ததில்லை. போன மறுநிமிடம் ஊரே அவரை நினைக்கும், அவரைப் பெற்றவளையும் சேர்த்து நினைக்கும். தெருவில் அவருக்குக் 'கரண்டுக்காரர்' என்று பெயர். நான் அத்தான் என்பேன்.

எனக்கு எழுத்து தொழில் இல்லை. மூன்று லேத் வைத்துப் பட்டறை நடத்துகிறேன். இரும்பைச் சீவி வயிறு வளர்க்கிறவன். ஆனால் அத்தானைப் பற்றி ஊரில் இப்போது இரண்டு கதைகள் ஓடுகின்றன. அவர் ஆண்டவனுக்கு விரோதி என்பது ஒன்று. அவர் பெரிய தியாகி என்பது இன்னொன்று. முதல் கதையைச் சொல்கிறவர்கள் ஆட்சியில் இருக்கிறார்கள், இரண்டாவதைச் சொல்கிறவர்கள் அடுத்த தேர்தலில் வரப் பார்க்கிறார்கள். இரண்டு கூட்டத்தையும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நடந்தது இதுதான் என்று ஒருதரம் எழுதி வைத்துவிட்டால் வாய் வலிக்காமல் இருக்கும்.

அவருடைய வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வரும் மின்சாரம் அந்த நிலையத்தில் பதினான்கு தடமாகப் பிரிந்து போகும். ஒவ்வொரு தடத்துக்கும் பீடர் என்று பெயர். நாலு தெரு, ஒரு கடைவீதி, ஒரு தொழிற்பேட்டை என்று ஒவ்வொரு பீடருக்கும் ஒரு பகுதி. கட்டுப்பாட்டு அறையில் பதினான்கு சாம்பல் நிறப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். நடுவில் ஒரு மீட்டர். அதன் முள் ஐம்பதில் நிற்க வேண்டும். நாட்டில் உற்பத்தி குறைந்து, செலவு கூடினால் முள் இறங்கும். அப்போது தலைமை நிலையத்திலிருந்து போன் வரும்: "இவ்வளவு குறைங்க." அத்தான் ஏதாவது ஒரு பீடரை எடுத்துவிட வேண்டும். எடுப்பது என்றால் அந்தப் பகுதிக்குக் கரண்டை நிறுத்துவது. எடுக்காவிட்டால் முள் இன்னும் இறங்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் மொத்தமும் படுத்துவிடும். படுத்ததை எழுப்ப ஒரு முழு நாள் ஆகும்.

ஆஸ்பத்திரி, குடிநீர் நிலையம், ரயில் சிக்னல் ஆகிய மூன்று பீடர்களையும் எந்தக் காரணத்துக்கும் எடுக்கக் கூடாது. மிச்சம் பதினொன்றையும் முறை வைத்து எடுப்பார். யாருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. முறை வந்தால் அமைச்சர் வீடும் சரி, அவர் குடியிருந்த ஒன்பதாம் பீடரும் சரி, ஒரே கணக்குத்தான். என் பட்டறை ஐந்தில் வருகிறது. பட்டறை திறப்பு விழாவன்று, ஊரில் நாலு பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, புது லேத்தின் பொத்தானை அமுக்கினேன். லேத் கம்மென்று நின்றது. ஐந்தின் முறை. மாலையில் அக்கா வீட்டுக்குப் போய்க் குதித்தேன்.

"பொண்ணு எடுத்த வீடுன்னுகூடப் பாக்க மாட்டீங்களா அத்தான்?"

"பொண்ணு எடுத்த வீடு எந்தப் பீடர்னு மிஷினுக்குத் தெரியாது மாப்ளே," என்றார், சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே. அக்கா உள்ளே விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப் போயிருந்தது. இருபத்திரண்டு வருடம் நூற்பாலையில் பஞ்சுத் தூசியைத் தின்றவள். கடைசி நாலு வருடமாக மூச்சுக்கு ஒரு மிஷின். கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன அலமாரி உயரத்துக்கு, நாள் முழுக்க உர்ரென்று ஓடும். மூக்கில் ஒரு மெல்லிய குழாய். கரண்டு போனால் அது வெறும் பெட்டி. அதற்காக ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் டிப்போவிலிருந்து எடுத்து வைத்திருந்தோம். ஒன்பதை எடுப்பதற்கு முன்னால் அத்தான் வீட்டுக்கு ஒரு போன் போடுவார். "ஒன்பதை எடுக்கப் போறேன், மாத்திக்கோ." அக்கா எழுந்து குழாயை மிஷினிலிருந்து பிடுங்கிச் சிலிண்டரில் மாட்டி, திருகைத் திறந்துவிட்டு, "மாத்திட்டேன், எடுங்க" என்பாள். முப்பத்தொரு வருட சர்வீஸில் சொந்த வீட்டுக்கு அவர் செய்த சலுகை அந்த ஒரு போன்தான்.

வீட்டில் பக்தி என்றால் அது அக்கா. அத்தான் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடம் குறட்டை. அக்கா காலையும் மாலையும் கண்ணை மூடினால் அரைமணி நேரம் அசைய மாட்டாள். அப்படி என்னதான் கேட்பாய் என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன். "கேக்கிறதுக்கு நான் என்ன கவுன்சிலரையாடா பாக்கப் போறேன்? சும்மா உக்காந்திருப்பேன், அவ்வளவுதான்," என்றாள். 

பிறகு அந்தத் தேர்தல் வந்தது. பிரார்த்தனை இல்லங்களை நடத்தும் மதச் சபையின் ஆசியோடு ஒரு கட்சி நின்றது. திருடர்களையே பார்த்துச் சலித்திருந்த ஊர் நாங்கள். ஆண்டவனுக்குப் பயந்தவன் கொஞ்சமாவது கூசித் திருடுவான் என்று நினைத்தோம். நானும் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன், இப்போது மறைத்து என்ன பயன்? அத்தான் யாருக்குப் போட்டார் என்று தெரியாது. அக்கா போடவில்லை, மூச்சு வாங்குகிறது வரிசையில் நிற்க முடியாது என்றாள்.

ஆட்சிக்கு வந்த இரண்டாம் மாதம் ஓர் உத்தரவு போட்டார்கள். பிரார்த்தனை இல்லம் ஒவ்வொன்றிலும் அணையாத மின்விளக்கு ஒன்று எரிய வேண்டும். அந்த விளக்குக்குப் போகும் மின்சாரத்தை யாரும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அது சட்டப்படி தெய்வ நிந்தனை. உத்தரவு வந்த அன்று ஊரில் யாருக்கும் கோபம் வரவில்லை, எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. நம் ஊரில் அப்போது இருந்தவை நாலே நாலு பெரிய இல்லங்கள். ஆண்டவன் வீட்டில் ஒரு விளக்கு எரிவதால் யார் குடி முழுகிவிடும்?

ஆனால் ஒரு விளக்குக்கு என்று தனியாகக் கரண்டு விட முடியாது. விளக்கு எந்தப் பீடரில் இருக்கிறதோ அந்தப் பீடர் முழுக்க எரியும். இது அத்தானுக்கு முதல் நாளே தெரியும். ஊருக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது. இல்லத்துக்குப் பக்கத்துத் தெருக்காரன் மின்விசிறி ஓயாமல் சுற்றுவதைப் பார்த்து, அடுத்த தெருக்காரன் தன் வண்டி நிறுத்தும் கொட்டகையை வெள்ளையடித்துப் பிரார்த்தனை இல்லம் என்று போர்டு மாட்டினான். பந்திக்கு முந்து என்று சொல்லிக்கொடுத்தா வளர்க்க வேண்டும் நம் ஆட்களை? ஆறு மாதத்தில் சலூனுக்குப் பின்னால் ஒன்று, டயர் கடை மாடியில் ஒன்று, திருமண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்று. பக்தி பெருக்கெடுத்து ஓடுகிறது என்று கட்சிக்காரர்கள் மேடையில் கண்ணீர் விட்டார்கள்.

நானும் விடவில்லை. பட்டறை முன்னறையில் ஆயில் கறையைத் துடைத்து, நாலு பாய் விரித்து, சுவரில் விளக்கை மாட்டினேன். சபைப் பெரியவர் வந்து பார்த்து, இரும்பு வாசனையில் ஒருதரம் தும்மிவிட்டு, விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்தது கவுன்சிலர் கையெழுத்து. மூன்றாவது கையெழுத்து மின்நிலையத்து ஆளுடையது: 'மேற்கண்ட முகவரி இன்ன எண் பீடரில் உள்ளது.' பாரத்தை அத்தானிடம் நீட்டினேன்.

"உன் பட்டறைல எத்தனை பேரு பிரார்த்தனைக்கு வர்றாங்க?" என்றார்.

"நானும் ரெண்டு லேத்துக்காரங்களும்."

"லேத் ஓடறப்பவா, நின்னப்புறமா?"

"அத்தான், ஊரே பண்ணுது. நான் ஒருத்தன் யோக்கியனா இருந்து பட்டறையை இழுத்து மூடவா?"

அவர் கையெழுத்துப் போட்டார். முகவரி ஐந்தாம் பீடரில் இருப்பது உண்மை. அதில் மறுக்க என்ன இருக்கிறது? இப்படி ஒவ்வொரு பாரத்திலும் அவர் போட்டது உண்மையான கையெழுத்து. அத்தனை உண்மையும் ஒன்று சேர்ந்து பெரிய புளுகு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது என்பது அவர் ஒருவருக்குத்தான் புரிந்திருந்தது.

மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். பதினொன்றில் எடுக்கக் கூடியது ஏழாகிவிட்டது, ஐந்தாகிவிட்டது, மூன்றாகிவிட்டது என்று மூன்று கடிதங்கள். முதலிரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதுக்கு, 'தங்கள் கடிதத்தின் மொழியில் விசுவாசக் குறைவு தென்படுகிறது' என்று பதில் வந்தது. அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட தலைமைப் பொறியாளரை எங்கோ மலையடிவாரத்துக்கு மாற்றினார்கள். அந்த நாற்காலிக்குச் சபையின் பரிந்துரைக் கடிதத்தோடு ஒருவர் வந்தார். நல்ல மனிதர், கோபமே வராது, எல்லோரையும் கும்பிடுவார். முதல் நாள் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, நடுவில் இருந்த மீட்டரைக் காட்டி, "இந்தக் கடிகாரம் ஏன் ஒரே எடத்துல நிக்குது?" என்று கேட்டாராம். இதை அத்தான் வந்து சொன்னபோது நானும் அக்காவும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

இதற்கிடையில் நாட்டின் பெரிய மின்நிலையத்தில் ஓர் இயந்திரம் பழுதாகிப் படுத்தது. உதிரி பாகம் வாங்க நிதி இல்லை. தலைநகரில் பத்தாயிரம் பேர் உட்காரும் பிரார்த்தனை மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. அக்கா வேலை பார்த்த நூற்பாலையின் முதலாளி ஆலைக்குள்ளேயே மூன்று இல்லம் கட்டிப் பார்த்தார். பீடரை யாரும் எடுக்காவிட்டாலும் கரண்டில் பலம் இல்லை, மோட்டார்கள் முனகின. ஒரு நாள் இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். அறுநூறு பேர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சபை அன்னதானக் கூடத்தில் இடம் கிடைத்தது, பரிமாறுகிற பக்கம் இல்லை, சாப்பிடுகிற பக்கம்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கடைசியில் அத்தான் எடுக்கக் கூடியவை இரண்டே பீடர்கள் என்று ஆனது. பன்னிரண்டு ஒன்று, அது கிடங்குகளும் கூலிக்காரர் வரிசை வீடுகளும். மற்றது எங்கள் அக்கா தெரு இருக்கும் ஒன்பது. முன்பு பதினொரு பேர் சுமந்ததை இப்போது இரண்டு பேர் சுமக்க வேண்டும். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. தினம் ஒரு மணி நேரம் போனது ஆறு மணி நேரமாயிற்று.

ஒரு நாள் மதியம், ஐந்தாவது மணி நேரத்தில், சிலிண்டர் தீர்ந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா போன் போட்டு நான் வண்டியில் பறந்து போனேன். அக்காவின் நகமெல்லாம் நீலம். ஆஸ்பத்திரிப் படியில் தூக்கிக்கொண்டு ஏறினேன், எடையே இல்லை. அன்றைக்கு அவளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அத்தான் ஷிப்ட் முடிந்துதான் வர முடிந்தது. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவர் நெடுநேரம் எழவில்லை. அவளை அந்த நிலைக்குக் கொண்டுபோன சுவிட்சை எடுத்தது அவர் கைதான்.

தெருவில் ஏற்கெனவே ஒரு முணுமுணுப்பு இருந்தது. நம் தெருவில் மட்டும் ஏன் இல்லம் இல்லை? தெருவிலேயே பெரிய முன்னறை அக்கா வீட்டில்தான் இருந்தது. நாலு பேர் வந்து கேட்டார்கள். அக்கா மூக்கில் குழாயோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முடியாது."

"உனக்காகத்தானே கேக்கிறாங்க அக்கா?" என்றேன் நான்.

"எனக்காகன்னா ஒரு பனை விசிறி வாங்கிக் குடு. கரண்டுக்காக ஆண்டவனைக் கொண்டாந்து முன்னறைல உக்கார வைப்பியா? அவரு என்ன, மெயின் பாக்ஸா?"

"உசுரு போயிடும்க்கா."

"போனா போகுது. இவ்வளவு நாளா ஒண்ணும் கேக்காம பேசிட்டிருக்கேன்டா அவர்கிட்ட. இப்பப் போயி பொய் சொல்லச் சொல்றியா?"

அவளுக்குத் தெரியாமல் நான் வேலையைப் பார்த்தேன். தையல்காரம்மா தன் முன்னறையைத் தருவதாகச் சொன்னாள்; இரண்டு தையல் மிஷின்களைப் பின்னறைக்கு நகர்த்தினோம். அவளுக்குப் பாரம் நிரப்பத் தெரியாது, எனக்கு ஏற்கெனவே பழக்கம். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் என் பெயரையே எழுதினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே பூசாரியாக உட்கார்ந்திருந்தது என் அத்தான். பாரத்தை அவர் முன்னால் வைத்தேன். பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இதுக்கப்புறம் பன்னெண்டு மட்டுந்தான் மாப்ளே. கூலிக்காரன் வீடுங்க."

"அத்தான், அக்கா நகத்தைப் பாத்தீங்களா இல்லையா?"

போட்டுவிட்டார். அவருடைய கையெழுத்தில் அவருக்கே சம்மதமில்லாதது அது ஒன்றுதான். விஷயம் தெரிந்து அக்கா எங்கள் இருவரோடும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், ஆனால் மாலைப் பிரார்த்தனையின்போது கதவைச் சாத்திக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகு வந்த ஐந்து வாரம் சுகமாக இருந்தது. மிஷின் உர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. அக்காவின் கன்னத்தில் நிறம் வந்தது. எதிர்வீட்டாரோடு குழாயடிச் சண்டைகூடப் போட்டாள். சிலிண்டரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. ஒருநாள் அதற்குப் புது வால்வு வாங்கலாம் என்று டிப்போவுக்குப் போனேன். அங்கே என் வயதுக்காரன் ஒருவன் கவுண்டரில் தலையை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அப்பாவுக்கு மூச்சு, பன்னிரண்டாம் பீடர், சிலிண்டருக்குப் பெயர் கொடுத்துப் பதினெட்டு நாளாகிறது என்றான். எங்களுடையதை அவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். அக்காவிடம் சொன்னேன். "இதாவது உருப்படியாப் பண்ணியே," என்றாள். அத்தானிடம் நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. கரண்டுதான் போவதே இல்லையே, இதைப்போய்ச் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். ஷிப்ட் மேல் ஷிப்ட்டாக ஓடிக்கொண்டிருந்தவர் கண்ணில் அந்தக் காலி மூலையும் படவில்லை.

அடுத்த வாரம் பன்னிரண்டிலும் ஓர் இல்லம் வந்தது. கிடங்குக் கூலிகள் தகரத்தில் கட்டினார்கள். அவர்களை எந்த வாயால் குறை சொல்வது? அத்தோடு பதினான்கு பீடரும் தொடக் கூடாதவை ஆயின.

அந்த நாள் நல்ல வெயில். மதியம் இரண்டு மணிக்குத் தலைமை நிலையத்திலிருந்து போன். பேசியவன் குரலில் அழுகை இருந்தது என்று அத்தான் பிறகு சொன்னார்.

"நாலு மெகாவாட் உடனே குறைங்க சார்."

"எடுக்க ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் தொடக்கூடாத பட்டியல்ல இருக்கு."

"எல்லா ஊர்லயும் இதையேதான் சார் சொல்றாங்க. முள்ளைப் பாருங்க."

முள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் டீசல் இல்லை என்பது அத்தானுக்குத் தெரியும், காலையில்தான் அங்கிருந்து கேட்டு அனுப்பியிருந்தார்கள். மொத்தமும் படுத்தால் ஒரு நாள் முழுக்க எழாது. ஏதோ ஒரு பீடரை எடுத்தே ஆக வேண்டும். எதை எடுத்தாலும் குற்றம். அவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

அப்போது தையல்காரம்மா அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் காதால் கேட்டது இது. அக்கா போனை எடுத்தாள். கொஞ்சம் கேட்டாள். "வேற எதுவும் எடுக்க முடியாதா?" என்று கேட்கவில்லை. "ஆஸ்பத்திரி தாங்காதா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, சிலிண்டர் இருந்த வெற்று மூலையைப் பார்த்துக்கொண்டே, "மாத்திட்டேன், எடுங்க," என்றாள்.

தையல்காரம்மா தடுக்க எழுவதற்குள் மிஷின் நின்றுவிட்டது. போனை அக்கா புடவை மடிப்புக்குள் செருகிக்கொண்டாளாம், இவள் பிடுங்கிவிடக் கூடாது என்று. தையல்காரம்மா வீட்டுக்கு ஓடிப் போய்த் தன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். நிலையத்துக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை; பட்டறையிலிருந்து கிளம்பினேன். வழக்கமாகப் பத்து நிமிடம். அன்றைக்கு வழியில் ஒன்பதாம் பீடரின் சிக்னல்கள் எல்லாம் அணைந்து, நாற்சந்தியில் வண்டிகள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் படியேறியபோது தையல்காரம்மா அக்காவின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்திருந்தது.

போன நாற்பத்தேழாவது நிமிடம் கரண்டு வந்தது. அக்காவைத் தரையில் இறக்கிக் கிடத்தியிருந்தோம். காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த மிஷின் மறுபடி உர்ரென்று ஓட ஆரம்பித்தது. அதை உதைத்தேன். அழுதேன். ஊர்க் கரண்டு அன்றைக்கு மொத்தமாகப் படுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

இரண்டு வாரத்தில் விசாரணைக்கு ஓலை வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் அத்தான். புகார்தாரர் யாரென்று பார்த்தால் நான். சட்டத்தில் அப்படி இருக்கிறது: இல்லத்தின் விளக்கு அணைந்தால் புண்படுகிறவர் விண்ணப்பதாரர்தான்; அவர் சார்பில் சபை அலுவலகமே புகாரை எழுதிவிடும். ஒன்பதாம் பீடரின் ஒரே இல்லத்துக்கு விண்ணப்பம் போட்டவன் நான்.

நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் எல்லோரையும் கும்பிடுகிற அந்தத் தலைமைப் பொறியாளர். அவர் என்னையும் கும்பிட்டார். வலதுபக்கத்தில் சபையின் ஆள், அவர்தான் கேள்வி கேட்டார்.

"விளக்கு எத்தனை நிமிஷம் அணைஞ்சிருந்தது?"

"நாப்பத்தேழு," என்றார் அத்தான்.

"தெரிஞ்சே எடுத்தீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"பதினாலு இருக்கையில ஏன் குறிப்பா ஒன்பது?"

"மத்த பீடர்ல யார் வீட்ல என்ன மிஷின் ஓடுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. ஒன்பதுல ஒரு வீடாவது தெரியும். கேட்டுட்டு எடுக்கலாம்னு எடுத்தேன்."

சபையின் ஆள் என் பக்கம் திரும்பினார். "விளக்கு அணைஞ்சதுல உங்க மனசு புண்பட்டுதா?"

"அந்த நேரத்துல எங்கக்கா செத்துப் போனாங்க," என்றேன்.

"வருத்தமான விஷயம். ஆனா அது இந்த விசாரணைக்குள்ள வராது. விளக்கைப் பத்திச் சொல்லுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையைக் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. "என் மனசை அந்த விளக்கு ஒண்ணும் பண்ணல," என்றேன். 'புகார்தாரர் தெளிவான பதில் தரவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். அத்தானுக்கு வேலை போயிற்று, ஓய்வூதியம் கிடையாது.

டீக்கடையில் இப்போதெல்லாம் இது ஒரு பேச்சு. மதம் அரசியலுக்குள் வந்ததால்தான் நாடு இப்படிப் போச்சா என்று. நியாயமான கேள்விதான். போச்சு என்று நானும் சொல்வேன்; கண்ணால் பார்த்தவன் வேறென்ன சொல்ல? ஆனால் உள்ளே வந்தவர்களுக்குப் பாய் விரித்தவன் யார் என்று கேட்டால் கடையில் எல்லோரும் டம்ளருக்குள் பார்ப்பார்கள். நான் விரித்தது நாலு பாய். பக்தி உள்ளவள் என்று எனக்குத் தெரிந்த ஒருத்தி மட்டும்தான் விரிக்க மாட்டேன் என்றாள்.

விசாரணை முடிந்து இறங்கும்போது அத்தான் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக வந்தார். இரண்டு வாரமாக வாய்க்குள் வைத்திருந்ததை அங்கேதான் கேட்டேன்.

"அத்தான், சிலிண்டரைக் குடுத்தது நான். உங்ககிட்டச் சொல்லாம விட்டதும் நான்."

"தெரியும்."

"சொல்லியிருந்தா? சிலிண்டர் இல்லைன்னு தெரிஞ்சிருந்தா ஒன்பதை எடுத்திருப்பீங்களா?"

அவர் நின்றார். கீழே ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்திருக்க மாட்டேன் மாப்ளே. வேற எவன் வீட்டையாவது எடுத்திருப்பேன்," என்றார். "அது அவளுக்குத் தெரியும்."